பேறுகால விடுப்பும், வேலைக்குத் திரும்பிய பின் தாய்ப்பாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு நிறுவனத்தில் விடுப்புப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் பார்ப்பது என் வேலை. அதனால் ஒரு பெண் உண்டாகியிருப்பது வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் எனக்குத்தான் தெரியவரும். அலுவலகத் தோழிகள், அவர்களுடைய நாத்தனார்கள், திருப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகள், அவளோடு வேலை செய்கிறவர்கள் என்று கேட்பவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். கேள்விகள் அநேகமாக அவையேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். பெரும்பாலும் தனியார் வேலையைப் பற்றியது. அரசு வேலைக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

லீவு மொத்தம் எத்தனை நாள்? ஆறு மாசம்னு ஒருத்தர் சொல்றார், மூணு மாசம்னு இன்னொருத்தர் சொல்றார்.

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள், சம்பளத்தோடு. மூன்று மாதம் என்பது பழைய கணக்கு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரம் என்று இருந்ததை 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரமாக உயர்த்தினார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பேறுக்கு இன்றும் 12 வாரம்தான். தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத் தாய் வழியாகக் குழந்தை பெறும் தாய்க்கும் குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் போய்விட்டது. "சட்டமே போயிடுச்சாமே" என்று பதறி இரண்டு பேர் எனக்கு ஃபோன் செய்தார்கள். சட்டத்தின் பெயர்தான் மாறியது. 26 வாரம், பால் கொடுக்கும் இடைவேளை, குழந்தைகள் காப்பகம் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

நான் சேர்ந்து அஞ்சு மாசம்தான் ஆச்சு. இன்னும் புரொபேஷன். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். புரொபேஷனா, நிரந்தரமா என்று சட்டம் பார்ப்பதில்லை.

தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடை, அலுவலகம் என்றால் பத்துப் பேராவது வேலை பார்க்க வேண்டும்.

எனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. பணம் கம்பெனி தருமா, இ.எஸ்.ஐ. தருமா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டில் இருந்தால், பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளுக்காவது உங்கள் பெயரில் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். நோய்க்கால உதவியில் சம்பளத்தில் ஒரு பங்குதான் வரும், பேறுகாலத்தில் சராசரி தினக்கூலி முழுவதும் வரும். அதனால் உண்டான மாதமே உங்கள் சந்தாக் கணக்கைச் சரிபாருங்கள். கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் பிரசவ வார்டில் படுத்துக்கொண்டு அதைச் சரிசெய்ய முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குக் கம்பெனியே தர வேண்டும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரிதான் கணக்கு. பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாகவும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் மாதச் சம்பளமாகவே போடுகிறார்கள். ஒழுங்காக வந்தால் அதிலும் தப்பில்லை. கம்பெனி தன் செலவில் பேறுகால மருத்துவம் தரவில்லையென்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

லீவை எப்ப இருந்து போடணும்? எட்டாம் மாசமே நின்னுடுன்னு அம்மா சொல்றாங்க.

பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 26 வாரத்தில் எட்டு முன்னாடியே போய்விட்டால், குழந்தை பிறந்த பிறகு 18 வாரம்தான் மிச்சம். நான்கு மாதமும் சில நாளும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஆறு மாதத்தை விடுப்பு தொடாமல் போகிற இடம் இதுதான்.

உடம்பு ஒத்துழைத்து, டாக்டரும் சரி என்றால் பிரசவத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு விடுப்பு தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. ரத்த அழுத்தம், இரட்டைக் கர்ப்பம், வலி என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் தூரப் போட்டுவிட்டு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடம்புக்கு முடியாமல் போனால் சான்றிதழ் காட்டி மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு கேட்கலாம்.

நின்றுகொண்டே செய்யும் வேலை, பாரம் தூக்கும் வேலை என்றால் இன்னொரு வழியும் உண்டு. பிரசவ தேதிக்கு முந்தைய ஆறு வாரம் இருக்கிறதே, அதற்கும் முந்தைய ஒரு மாதம் நீங்கள் கேட்டால் அந்தக் கடின வேலையைத் தரக் கூடாது. அதற்காகச் சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் உங்களை வேலைக்கு வைப்பதே தப்பு, நீங்களே சம்மதித்தாலும்.

ஞாயித்துக்கிழமையும் லீவு கணக்குல சேருமா?

சேரும். விடுப்பு நாள் கணக்கில் ஞாயிறு கழிகிறது, ஆனால் அந்த ஞாயிறுக்கும் சம்பளம் உண்டு. தினக்கூலிக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் கூலி போட்டு முடித்துவிடுகிற இடங்கள் இருக்கின்றன. ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் வழக்கு கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போய், 1977இல் வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று முடிவானது.

சூப்பர்வைசர்கிட்ட வாயால சொல்லிட்டேன். எழுதியும் கொடுக்கணுமா?

எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காததால் உரிமை போய்விடாது, பிரசவத்துக்குப் பிறகுகூடக் கடிதம் தரலாம். ஆனால் சூப்பர்வைசர் மாறிப் போவார், ஹெச்.ஆரில் ஆள் மாறும், "என்கிட்ட யாரும் சொல்லலையே" என்பார்கள். நான் பார்த்த சிக்கல்களில் பாதி இப்படித்தான் தொடங்கின.

அரைப் பக்கம் போதும். பெயர், பணியாளர் எண், பிரசவ தேதி, விடுப்பு தொடங்கும் நாள், பணம் எந்தக் கணக்கில் போட வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் சான்றின் நகலை இணையுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல் போடுங்கள்.

லீவு முடிஞ்சு போனா பால் கொடுக்க டைம் தருவாங்களா? அப்படி ஒண்ணு இருக்கிறதே இப்பதான் கேள்விப்படுறேன்.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வேலைக்குத் திரும்பிய தாய்க்கு நாளுக்கு இரண்டு முறை பால் கொடுக்கும் இடைவேளை உண்டு. சாப்பாட்டு நேரமும் டீ நேரமும் இதில் சேராது, அவற்றுக்கு மேல் இது தனி. சம்பளம் பிடிக்கக் கூடாது. 1961 முதல் இந்தப் பிரிவு சட்டத்தில் இருக்கிறது. என் அம்மா பிறந்த காலத்துச் சட்டம். என் மேசைக்கு வரும் பெண்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை.

எனக்கே தெரியாது. முதல் பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்து, அப்போது இருந்த வேறு ஒரு கம்பெனிக்குத் திரும்பினேன். பதினோரு மணிக்கு ஜாக்கெட் நனைந்துவிடும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கழிப்பறைக்குப் போய், பீய்ச்சி வாஷ்பேசினில் விடுவேன். வீட்டில் பிள்ளை பவுடர் பால் குடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் பால் வற்றிவிட்டது. கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ என்னவோ, கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டாவது பெண்ணுக்கு இங்கே கேட்டேன். 15 மாதம் வரை இடைவேளை எடுத்தேன்.

எவ்வளவு நேரம் என்பதை விதிகள் சொல்கின்றன. வழக்கமாக ஒரு முறைக்கு 15 நிமிடம், காப்பகத்துக்குப் போய்வரும் நேரம் தனி. 15 நிமிடம் போதாது என்பதைப் பால் கொடுத்த எவரும் சொல்வார்கள். இலங்கைச் சட்டத்தில், பணியிடத்தில் காப்பகம் இருந்தால் ஒரு முறைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம், குழந்தைக்கு ஒரு வயது வரை. மாதத்தில் அவர்களுடையது குறைவு என்றாலும் நேரத்தில் அதுதான் நியாயமாகப் படுகிறது.

என் குழந்தை இருபது கிலோமீட்டர் தள்ளி அம்மா வீட்டுல இருக்கு. அந்த பிரேக்ல பாலைப் பீய்ச்சி வைக்கலாமா?

சட்டத்தில் "குழந்தைக்குப் பாலூட்ட" என்றுதான் எழுதியிருக்கிறது. பீய்ச்சி எடுத்து வைப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழந்தையைத் தொழிற்சாலைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலை பார்த்த காலத்தை மனதில் வைத்து எழுதியது அது. எடுத்து வைக்கிற பாலும் அந்தக் குழந்தைக்குத்தான் போகிறது என்பதால் நான் பார்த்த நிர்வாகங்கள், சொல்லிப் புரியவைத்தால், மறுப்பதில்லை.

இதையும் கடிதமாகவே கொடுங்கள். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கொடுப்பது நல்லது. இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் பணிக்குத் திரும்புகிறேன். என் குழந்தைக்கு இன்ன தேதியில் 15 மாதம் நிறைவடைகிறது. அதுவரை சட்டப்படியான பாலூட்டும் இடைவேளைகளைக் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எடுத்துக்கொள்வேன். தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி இடம் ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். வீடு பக்கத்திலேயே இருந்தால் இரண்டு இடைவேளையையும் சேர்த்து மதியம் வீட்டுக்குப் போய்வர அனுமதி கேட்கலாம். அது அவர்கள் சம்மதத்தைப் பொறுத்தது.

ஒரு நேரம் எடுக்காம விட்டா என்ன ஆயிடும்? மீட்டிங் இருந்தா எப்படி எழுந்து போறது?

எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். மார்பில் தேங்கினால் இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது. தினமும் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை எடுக்காமல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிடும். "எனக்குப் பாலே ஊறலை" என்று சொல்லும் வேலைக்குப் போகும் தாய்மார்களில் பலருடைய கதை இதுதான். குறை அவர்கள் உடம்பில் இல்லை.

அப்புறம், பால் கட்டிக்கொள்ளும். கல் மாதிரி இறுகி வலிக்கும். குழந்தைக்குக் கொடுத்தோ கையால் பீய்ச்சியோ இறுக்கத்தைக் குறைத்துவிட்டு, ஈரத் துணியால் ஒத்தடம் கொடுங்கள். ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் டாக்டரிடம் போங்கள். அந்த நேரத்திலும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். மீட்டிங்குக்குப் பதில் இதுதான்: "எனக்கு 11 மணி இடைவேளை, 20 நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று எழுந்து போங்கள். முதல் வாரம் கூச்சமாக இருக்கும். அதன் பிறகு யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

தனி ரூம் இல்லை, பாத்ரூம்ல எடுத்துக்கோங்கன்னு சொல்றாங்க. கட்டாயம் ரூம் தரணுமா?

தனியார் அலுவலகம் ஒவ்வொன்றும் பாலூட்டும் அறை வைக்க வேண்டும் என்று மகப்பேறு சட்டம் சொல்லவில்லை. காப்பகம் பற்றிய கட்டாயம் வேறு, அது கீழே வருகிறது. ஆனால் கழிப்பறையில் யாருடைய சாப்பாட்டையும் தயாரிப்பதில்லை, பிள்ளையின் சாப்பாட்டை மட்டும் ஏன் அங்கே எடுக்க வேண்டும்? இதை இப்படியே கேட்டால் பெரும்பாலான மேலாளர்களுக்குப் புரிகிறது.

தேவைப்படுவது மிகக் கொஞ்சம். உள்ளே தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட், பக்கத்தில் கை கழுவத் தண்ணீர், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. எங்கள் அலுவலகத்தில் பழைய ரெக்கார்ட் ரூமின் ஒரு மூலையைத் திரைபோட்டு மறைத்துத் தொடங்கினோம். இப்போது அதில் கதவே வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2015இலேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் முடிந்தது, நூறு பேர் வேலை பார்க்கும் கட்டடத்தில் முடியாதா?

எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? மே மாசம் பஸ்ல ஒரு மணி நேரம் போகணும்.

வெளியே, 25 டிகிரி வரையிலான அறையில், 4 மணி நேரம். ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில், கதவில் வைக்காமல், 4 நாள். ஃபிரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். மே மாதத்தில் நம் ஊர் அறைகள் 25 டிகிரியில் இருக்காது, அதனால் எடுத்த உடனே குளிரில் வைத்துவிடுங்கள். பஸ்ஸுக்கு ஐஸ் பேக் வைத்த வெப்பம் புகாத பை வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸ் பேக் உறைந்த நிலையில் இருந்தால் அதில் 24 மணி நேரம் வரை தாங்கும்.

புதிதாக எடுத்த சூடான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு அப்படியே ஊற்றாதீர்கள், அதையும் குளிரவைத்துச் சேருங்கள். டப்பாவில் தேதி, நேரம் எழுதுங்கள். பழையதை முதலில் எடுங்கள். கொடுக்கும்போது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்க வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை நிறுத்தினால் போதும். மேலே ஆடை மாதிரி கொழுப்புப் பிரிந்து நிற்கும், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும், கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். ஃபிரீசரிலிருந்து இளக்கிய பாலை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜ் பால் சளி பிடிக்கும்னு மாமியார் சொல்றாங்க. வெயில்ல இருந்து வந்து உடனே கொடுத்தா சூட்டுப் பாலாம், முதல்ல பீய்ச்சி விட்டுடணுமாம்.

அத்தையோடு வாதாட வேண்டாம், நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஆனால் விஷயம் இதுதான்: மார்பில் இருக்கும் பால் கெடுவதில்லை. வெயிலில் வந்தாலும் உடம்பின் சூடு ஒன்றுதான், பாலின் சூடும் ஒன்றுதான். முகம் கை கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் காத்திருந்த பிள்ளைக்கு வர வேண்டிய பாலை ஏன் கீழே விட வேண்டும்?

சளி கிருமியால் வருகிறது. ஃபிரிட்ஜ் பாலை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் அவருக்கும் திருப்தி. என் மாமியாருக்கு நான் சொல்லி நம்பவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது கிராம சுகாதார செவிலியர் சொன்னார், அன்றைக்கே ஏற்றுக்கொண்டார். நீங்களும் அத்தையை ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

எவ்வளவு பால் வெச்சுட்டுப் போகணும்? பாட்டிலை வாயிலேயே வைக்க மாட்டேங்குறான்.

தோராயமாக, நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி. பத்து மணி நேரம் என்றால் 300இலிருந்து 450. ஆறு மாதம் தாண்டி கூழ், பருப்புச் சாதம் தொடங்கிவிட்டால் இது குறையும். கிளம்பும் முன்பு ஒரு முறையும் வந்தவுடன் ஒரு முறையும் நேரடியாகக் கொடுங்கள். வேலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, விடியற்காலை பால் நிறைந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழகுங்கள். முதல் நாள் 20 மில்லிதான் வரும். அழ வேண்டாம், பழகப் பழகக் கூடும்.

பாட்டில் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு வகையில் நல்லதுதான். நம்மிடம் பாலாடையும் சங்கும் இருக்கின்றன. மூக்கு நீண்ட அந்தச் சின்னப் பாத்திரத்தைக் கழுவுவதும் கொதிக்கவைப்பதும் சுலபம், குழந்தை பாட்டில் காம்புக்குப் பழகிக் குழம்பாமல் மார்புக்குத் திரும்பும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டில் மெல்லச் சாய்க்க வேண்டும், தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. முதல் சில நாள் அம்மா இல்லாத அறையில், வேறொருவர் கொடுத்தால்தான் குடிக்கும்.

எங்க கம்பெனியில காப்பகம் இல்லை. கேட்டா "லேடீஸ் ஐம்பது பேர் இல்லையே"ன்னு சொல்றாங்க.

ஐம்பது பெண்கள் வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் சேர்த்து 50 பேர் வேலை பார்த்தாலே காப்பக வசதி தர வேண்டும். இந்தத் தவறான பதிலை நிறையப் பேர் கேட்டு நம்பித் திரும்பியிருக்கிறார்கள். தனியாகக் கட்ட முடியாவிட்டால் பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாக நடத்தலாம். தாய் ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரலாம், ஓய்வு நேரமும் அதில் சேரும்.

நான் கான்ட்ராக்ட். லீவு நடுவுல கான்ட்ராக்ட் முடிஞ்சுடுது. அதோட பணமும் நின்னுடுமா?

நிற்காது. டெல்லியில் ஓர் ஒப்பந்த மருத்துவருக்கு விடுப்பு தொடங்கிய சில நாளிலேயே ஒப்பந்தம் முடிந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தாலும் முழுப் பேறுகாலப் பணத்தையும் தர வேண்டும் என்றது. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் சொல்லியிருக்கிறது. 80 நாள் கணக்கு மட்டும் இரண்டாவது கேள்வியில் சொன்னபடி நிறைந்திருக்க வேண்டும்.

லீவுல இருக்கும்போது கூப்பிட்டு ராஜினாமா எழுதித் தரச் சொல்றாங்க. என்ன செய்யறது?

கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை இனிமையாகக் கேட்டாலும் போடாதீர்கள். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், சம்பளம், பதவி போன்றவற்றை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டப்படி தப்பு. அதனால்தான் ராஜினாமாவாக எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அதை மாற்றுவது கடினம். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள், அன்றைக்கே நடந்ததை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

நீக்க உத்தரவே வந்துவிட்டால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பச்சைப் பிள்ளைக்காரிக்கு அறுபது நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதனால் அந்த வேலையைக் கணவரிடமோ அண்ணன் தம்பியிடமோ ஒப்படையுங்கள். புகாரைத் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும், கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறையிடமும் கொண்டு போகலாம். வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

அரசு வேலையில ஒரு வருஷமாமே? மூணாவது குழந்தைக்கு ஒண்ணுமே கிடையாதா?

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். 2011இல் ஆறு மாதமாகவும் 2016இல் ஒன்பது மாதமாகவும் இருந்து படிப்படியாக உயர்ந்தது. இரண்டு குழந்தைகள் வரை என்பது அரசு விதி. தனியாரில் மூன்றாவதற்கும் 12 வாரம் உண்டு, முதல் பதிலில் சொன்னேன்.

இந்த இரண்டு குழந்தை விதி ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு வினையாக வந்தது. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள், மணமுறிவுக்குப் பின் அவர்கள் தந்தையிடம். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டபோது மறுத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார், இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுப்பு தரச் சொல்லி, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்றது. உங்கள் நிலைமை இதைப் போல இருந்தால் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.

கரு கலைஞ்சிடுச்சு. ஒருத்தங்களுக்குக் குழந்தை இறந்தே பிறந்துச்சு. லீவு கேட்கலாமா? கேட்கவே நாக்கு வரல.

நீங்கள் கேட்க வேண்டாம், வீட்டில் ஒருவர் கடிதம் எழுதிச் சான்றோடு கொடுக்கட்டும். கர்ப்பத்தின் 26 வாரத்துக்குள் கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதற்குப் பிறகு நடந்தால் சட்டம் அதைக் கருக்கலைவாகப் பார்ப்பதில்லை, பிரசவமாகவே எடுத்துக்கொள்கிறது. குழந்தை உயிரோடு பிறந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவம் பிரசவம்தான், எனவே முழு விடுப்புக்கும் உரிமை உண்டு. "குழந்தைதான் இல்லையே, எப்ப வர்றீங்க" என்று கேட்கும் மேலாளர்களுக்கு இது தெரிய வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. குழந்தை இல்லாவிட்டாலும் மூன்றாம் நான்காம் நாள் பால் சுரக்கும். அந்த நேரத்தில் அதைத் தாங்குவது மிகக் கொடுமை. வலி தாங்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சி விட்டு, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் மெல்ல வற்றும். டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருந்து துணைக்கு இருங்கள்.

நான் அவங்க வீட்டுக்காரர். எனக்கு ஏதாவது லீவு உண்டா?

தனியார் வேலையில் தந்தைக்கு விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் இல்லை, கம்பெனியின் விதியைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள், இரண்டுக்கும் குறைவான பிள்ளைகள் இருந்தால், குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள்.

விடுப்பு இல்லாவிட்டாலும் செய்ய நிறைய இருக்கிறது. இரவில் பம்ப்பையும் டப்பாக்களையும் கழுவிக் கொதிக்கவைப்பது, ஐஸ் பேக்கை ஃபிரீசரில் போடுவது, காலையில் பையில் எடுத்துவைப்பது. இந்த மூன்றையும் என் கணவர் எடுத்துக்கொண்டதால்தான் இரண்டாவது பெண்ணுக்கு என்னால் முடிந்தது.

நாங்க கடையில ஆறே பேர். சட்டம் எங்களுக்குப் பொருந்தாதா?

பத்துப் பேருக்குக் குறைவென்றால் இந்த விடுப்புச் சட்டம் வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீக்கிரம் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்குங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு, 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். முதலாளியிடம் பேச முடிந்தால், விடுப்பைவிட நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் தாமதமாக வருவது, மதியம் வீட்டுக்குப் போய்வருவது போன்றவற்றுக்குச் சின்னக் கடைகளில் மனமிரங்குகிறார்கள்.

பதினஞ்சு மாசம் முடிஞ்சுடுச்சு. இனி பால் நிறுத்திடணுமா?

நிறுத்த வேண்டாம். சட்டத்தின் இடைவேளை மட்டும்தான் அன்றோடு முடிகிறது. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த வயதில் பிள்ளை பகலில் சோறு, பழம், முட்டை என்று சாப்பிட்டுவிடும், காலையும் இரவும் கொடுத்தால் போதும். பகல் இடைவேளையை ஒரே நாளில் விடாமல், முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று குறையுங்கள், கட்டிக்கொள்ளாது.